ஒரு மதிப்பெண்தானே என்று விட முடியவில்லை: பாடநூல், வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் எழுதும் குழுவினருக்கும், பொது வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பாட ஆசிரியர்களுக்கும்,

இந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த 9-ஆம் வகுப்பு அறிவியல் வினாத்தாளில், ‘சரியா, தவறா’ பகுதியில் இப்படி ஒரு வரி இருந்தது: “கருதுகோள் நிரூபிக்கப்பட்டால் கோட்பாடாகும், கோட்பாடு முழுமையாக நிரூபிக்கப்பட்டால் விதியாகும்.” உங்கள் விடைக்குறிப்பு இதற்குச் ‘சரி’ என்கிறது. என் மாணவி ஒருத்தி ‘தவறு’ என்று எழுதியிருந்தாள். எழுதியதோடு விடாமல், அடுத்த கேள்விக்கு முன்னால் கிடைத்த சின்ன இடத்தில், “விதி என்ன நடக்கிறது என்று சொல்லும். கோட்பாடு ஏன் நடக்கிறது என்று சொல்லும். ஒன்று மற்றொன்றாக மாறாது” என்று நெருக்கி எழுதியிருந்தாள். அந்த மதிப்பெண் அவளுக்குக் கிடைக்கவில்லை. விடைத்தாளைத் திருத்திய வேறு பள்ளி ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். விடைக்குறிப்பில் இருப்பதைத்தான் அவர் பார்க்க முடியும்.

அடுத்து நடந்த பாட ஆசிரியர் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். “ஒரு மார்க்தானே டீச்சர், விடுங்க. ரிசல்ட்டைப் பாதிக்காது” என்று பதில் வந்தது. அதே கூட்டத்தில் 10-ஆம் வகுப்பு மெல்லக் கற்போருக்கான கணிதக் கையேட்டையும் கொடுத்தார்கள். வடிவியல் பக்கத்தில் மூன்று தேற்றங்களும் நிரூபணத்தோடு அச்சாகியிருந்தன. மேலே கட்டம் கட்டி, “அப்படியே மனப்பாடம் செய்ய வைக்கவும். மறுதலைகள் தேவையில்லை” என்று ஒரு குறிப்பு. மறுதலை என்றால் தேற்றத்தைத் திருப்பிப் போட்ட கூற்று. அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். அறிவியலுக்கு ஆள் இல்லாத ஆண்டுகளில் அதையும் சேர்த்து நடத்துகிறேன். அதனால் இரண்டு பாடத்திலும் ஒரே பள்ளம் இருப்பது என் கண்ணில் படுகிறது.

முதலில் அந்தக் கேள்வி ஏன் தவறு என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தவர்கள் இருந்தும் அந்த வரி வினாத்தாளில் ஏறிவிட்டதே, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாயில் விதி 1662-இல் வந்தது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் அதற்கு எதிர்விகிதத்தில் குறையும். அளந்து பார்த்துக் கண்ட ஒழுங்கு அது. ஏன் அப்படி என்று அந்த விதி சொல்வதில்லை. வாயு என்பது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம், அவை கலத்தின் சுவரில் வந்து மோதுவதைத்தான் நாம் அழுத்தம் என்று அளக்கிறோம் என்னும் இயக்கவியல் கோட்பாடு, கிளாசியஸ், மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் ஆகியோர் கையில் 19-ஆம் நூற்றாண்டில்தான் முழு உருவம் பெற்றது. விதி முன்னால் வந்தது, அதை விளக்கும் கோட்பாடு ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து வந்தது. உங்கள் விடைக்குறிப்பு சொல்லும் வரிசைக்கு இது நேர்த் தலைகீழ். கோட்பாடு வந்ததால் விதி பதவி இழக்கவும் இல்லை. இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன.

விதி என்றாலே எங்கும் எப்போதும் மாறாத இறுதி உண்மை என்ற எண்ணமும் அந்த வரிக்குள் ஒளிந்திருக்கிறது. அழுத்தம் மிக அதிகமானால் உண்மையான வாயுக்கள் பாயில் விதியிலிருந்து விலகுகின்றன. 10-ஆம் வகுப்பில் நாம் நடத்தும் ஓம் விதிக்கு டையோடு என்ற மின்னணுச் சாதனம் கட்டுப்படாது. விதிக்கும் எல்லை உண்டு, அந்த எல்லையைச் சொல்வதும் விதியைச் சொல்வதில் அடக்கம்.

கருதுகோளைப் பற்றி வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்; இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 1781-இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி போக வேண்டிய பாதையில் சரியாகப் போகவில்லை. கணக்குக்கும் வானத்துக்கும் சின்ன வித்தியாசம் இருந்தது. பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, யுரேனஸுக்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிறது என்று கண்டார். அந்தக் கோள் வானத்தில் எங்கே இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டு பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வகத்தில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் கிடைத்தது.

கதையை இத்தோடு முடித்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் முடிப்பதில்லை. புதன் கோளின் பாதையிலும் இதே போல ஒரு சிறிய பிசகு இருந்தது. அதே லெ வெரியே, 1859-இல், அதே வழியில் யோசித்தார்: புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பல பத்தாண்டுகள் தேடினார்கள். பார்த்துவிட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோளே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு விகலை) என்ற அந்தப் பிசகை எந்தப் புதுக் கோளின் துணையும் இல்லாமல் விளக்கியது.

அதே மனிதர், அதே அறிவு, அதே மாதிரி கருதுகோள். ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. எது நிற்கும் என்று சொன்னவரின் பெயரை வைத்துத் தீர்மானிக்க முடியாது, வானத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும் என்பது இந்தக் கதையைக் கேட்ட 13 வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. கருதுகோள் என்பது தவறாகிப் போக வாய்ப்புள்ள, சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று என்று நான் வரையறை எழுதிப் போடுவதற்கு முன்னாலேயே புரிந்துவிடுகிறது. “கருதுகோள் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்” என்று கேட்டு, கையேட்டில் உள்ள ஒன்றரை வரியை எதிர்பார்க்கும் வினாத்தாளுக்கு இந்தப் புரிதல் தேவைப்படுவதில்லை.

சரி, கணிதத்துக்கு வருகிறேன். என் கோபம் இங்கேதான் அதிகம்.

தேல்ஸ் தேற்றம். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையும் கோடு மற்ற இரு பக்கங்களையும் சம விகிதத்தில் பிரிக்கும். 10-ஆம் வகுப்பு எழுதும் எந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம் என்று வரிசையாகத் தலைப்புப் போட்டு, கட்டம் போட்டு, இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம் என்று எழுதும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் ஒருமுறை வகுப்புத் தேர்வில் முக்கோணத்தின் பெயரை மட்டும் மாற்றினேன். ஏபிசி இருந்த இடத்தில் பிகியூஆர். வேறெதையும் தொடவில்லை. பாதிப் பேருக்கு மேல் என் கேள்வியில் இருந்த முக்கோணத்தை விட்டுவிட்டு ஏபிசி வரைந்து, புத்தகத்தில் உள்ளபடியே எழுதிக் கொடுத்தார்கள். சிலர் “இந்தத் தேற்றம் நீங்க நடத்தலை டீச்சர்” என்றார்கள்.

அதைவிட என்னை உறுத்தியது ஒரு பையனின் தாள். வடிவொத்த முக்கோணங்கள் என்று காட்ட வேண்டிய வரிக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில், “தேல்ஸ் தேற்றப்படி” என்று எழுதியிருந்தான். எதை நிரூபிக்கக் கிளம்பினானோ அதையே காரணமாகக் காட்டியிருக்கிறான். அவனைக் கூப்பிட்டு, “இதைத்தானே நீ நிரூபிக்கணும், இதையே எப்படிக் காரணமாகச் சொல்லலாம்?” என்று கேட்டேன். அவன் ஒளிக்காமல் பதில் சொன்னான்: “காரணம்னா ஏதாவது ஒரு தேற்றம் பேர் எழுதணும்ல டீச்சர்.” அந்தப் பையன் மக்கு இல்லை. அவன் பார்த்த எல்லாத் தாளிலும் காரணம் என்ற கட்டம் அப்படித்தான் நிரம்பியிருக்கிறது. உங்கள் விடைக்குறிப்பின் ஸ்டெப் மார்க்கும் அவனுக்குத்தான் ஆதரவு. படத்துக்கு இவ்வளவு, கொடுக்கப்பட்டவைக்கு இவ்வளவு, கடைசி வரிக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டால் அவனுக்கு முழு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவன் நிரூபணம் என்று எழுதியதில் நிரூபணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைப் பிடிக்கும் இடம் எதுவும் அந்தக் குறிப்பில் இல்லை.

நிரூபணம் எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாததுதான் இதற்கெல்லாம் வேர். புத்தகத்திலேயே உண்மை என்று போட்டிருக்கிறது, அதை ஏன் மறுபடி நிரூபிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நான் ஒரு பாட வேளையைச் செலவழிப்பேன். ஒரு வட்டம் வரையச் சொல்வேன். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் உள்ளே ஒரே பகுதி. இரண்டு புள்ளி வைத்து இணைத்தால் 2 பகுதி. மூன்று புள்ளி, 4. நான்கு புள்ளிகளை எல்லா வழியிலும் இணைத்தால் 8. ஐந்து புள்ளி, 16. இந்த நேரத்தில் வகுப்பு முழுக்க “அடுத்தது 32” என்று கத்தும். சரி, வரைந்து எண்ணுங்கள் என்பேன். பென்சிலும் ஸ்கேலுமாகக் குனிவார்கள். முதலில் ஒருத்தன் 31 என்பான். “எண்ணத் தெரியலைடா உனக்கு” என்று பக்கத்தில் இருப்பவன் வாங்கி எண்ணுவான். அவனுக்கும் 31. இன்னொரு பெண் 30 என்பாள். அடித்தும் திருத்தியும் பார்ப்பார்கள், யாருக்கும் 32 வராது.

30 வந்தவளின் படத்தைக் கரும்பலகையில் போடச் சொல்வேன். அவள் கவராயத்தால் ஆறு புள்ளிகளையும் அழகாகச் சம தூரத்தில் வைத்திருப்பாள். அதனால் மூன்று நாண்கள் நடுவில் ஒரே புள்ளியில் சந்தித்து, அங்கே வந்திருக்க வேண்டிய குட்டி முக்கோணம் காணாமல் போயிருக்கும். அப்போதுதான் “எந்த மூன்று நாண்களும் ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது” என்ற நிபந்தனையை நான் சொல்லவே இல்லை என்பது வகுப்புக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை விஷயம் நடந்துவிடுகிறது பாருங்கள். ஐந்து முறை பொருந்திய ஒழுங்கு ஆறாம் முறை பொய்த்தது. ஓர் எதிர் உதாரணம் போதும், முழுக் கூற்றும் விழுந்துவிடும் என்று கண்ணால் பார்த்தார்கள். நிபந்தனையைச் சொல்லாமல் கூற்றைச் சொன்னால் விடையே மாறும் என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு “அப்போ எந்த ஒழுங்கைத்தான் டீச்சர் நம்புறது?” என்ற கேள்வி தானாக வரும். நிரூபணத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். இரண்டின் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்துக் கிடைக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள். ஆகக் கணிதவியலாளர் ஃபெர்மா, இப்படிப் போனால் எல்லாமே பகா எண்தான் என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் அடுத்த எண்ணை, அடுக்கு 32-க்கு வருவதை, எடுத்தார். 4294967297. அது 641-ஆல் வகுபடும். நம் ராமானுஜனே 1913-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றிச் சொன்ன கூற்றுகள் சில தவறாகிப் போயின. இதைச் சொல்வதால் ராமானுஜனின் பெருமை இம்மியும் குறையாது. டிசம்பர் 22 அன்று பள்ளியில் அவர் படத்துக்கு மாலை போடும்போது இதையும் சேர்த்துச் சொன்னால், நிரூபணத்தை ஹார்டி ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்று பிள்ளைகளுக்கு விளங்கும். கோல்ட்பாக் 1742-இல் ஆய்லருக்கு எழுதிய ஊகம், 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்பது, 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண் வரைக்கும் கணினியில் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. இன்னும் அதற்குத் தேற்றம் என்ற பெயர் இல்லை. அறிவியலில் இவ்வளவு சான்று கிடைத்தால் கொண்டாடியிருப்பார்கள். கணிதத்தில் அது போதாது. இரண்டு துறையும் நம்பிக்கையை இரண்டு விதமாகச் சம்பாதிக்கின்றன என்ற இந்த வேறுபாட்டை 10 வகுப்பு முடித்து வெளியேறும் பிள்ளைக்கு நம் புத்தகங்கள் ஓர் இடத்திலாவது உட்கார்ந்து சொல்கின்றனவா?

மறுதலை தேவையில்லை என்று கையேட்டில் கட்டம் கட்டியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யூக்ளிட் தன் முதல் நூலில் பிதாகரஸ் தேற்றத்தை 47-ஆவது கூற்றாக நிரூபித்தார். அதன் மறுதலையை 48-ஆவது கூற்றாகத் தனியே எடுத்துத் தனியே நிரூபித்தார். அவருக்கு வேலை இல்லாமலா அதைச் செய்தார்? ஒரு கூற்று உண்மை என்பதால் அதைத் திருப்பிப் போட்டதும் உண்மையாகிவிடாது. 6-ஆல் வகுபடும் எண் 3-ஆலும் வகுபடும். 3-ஆல் வகுபடுவதெல்லாம் 6-ஆல் வகுபடுமா? 9 இருக்கிறதே. இந்த ஒன்றைப் பிள்ளைகள் விட்டுவிட்டால் அது வடிவியல் பக்கத்தோடு நிற்காது. டெங்கு வந்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்ததெல்லாம் டெங்கு என்று பதறிக்கொண்டு ஓடுகிறவர்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன்.

வரையறையின் கதையும் இதுதான். “1 ஏன் பகா எண் இல்லை?” என்று 6-ஆம் வகுப்பிலிருந்தே கேட்கிறார்கள். “அது அப்படித்தான், எழுதிக்கோ” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அதை நிரூபிக்க முடியாது, வரையறை நாம் வைத்துக்கொள்வது என்று முதலில் சொல்ல வேண்டும். கபடியில் எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் அவுட் என்பதை நிரூபி என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. அது ஆட்டத்துக்காக ஒப்புக்கொண்டது. ஆனால் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா, அதையும் சொல்ல வேண்டும். 1-ஐயும் பகா எண் என்று வைத்துக்கொண்டால் 6 என்பது 2 பெருக்கல் 3. 1 பெருக்கல் 2 பெருக்கல் 3. 1 பெருக்கல் 1 பெருக்கல் 2 பெருக்கல் 3 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வோர் எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்று 10-ஆம் வகுப்பில் படிக்கும் அடிப்படை எண்ணியல் தேற்றம் அங்கேயே உடைந்துவிடும். இதைச் சொன்னால் 6-ஆம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் திருப்தி வருகிறது. புளூட்டோவுக்கு 2006-இல் நடந்ததும் இதே கதைதான். புளூட்டோ அப்படியேதான் இருந்தது, கோள் என்பதன் வரையறையை வானியலாளர்கள் கூடி வாக்களித்து முடிவு செய்தார்கள்.

இவையெல்லாம் படிப்பாளிப் பிள்ளைகளுக்கான ஆடம்பரம் என்று நீங்கள் நினைக்கக் கூடும். கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள், மெல்லக் கற்போருக்கு இது தாங்காது என்று. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டத்தில் 31 எண்ணியவர்களில் அந்தக் கையேட்டை வாங்க வேண்டியவர்களும் இருந்தார்கள். 30-ஆ 31-ஆ என்ற சண்டையில் அவர்கள் குரல்தான் பெரிதாகக் கேட்டது. மூன்று பக்க நிரூபணத்தை அர்த்தம் தெரியாமல் வரி வரியாக நெட்டுருப் போடுவதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. அதை மெல்லக் கற்பவர் என்று நாம் பெயர் வைத்த பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, எளிதான பகுதியை, அதாவது யோசிக்கும் பகுதியை, அவனுக்கு வேண்டாம் என்று எடுத்துவிடுகிறோம்.

பள்ளிக்கு வெளியே இது என்ன செய்கிறது என்பதற்கு ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்கள் பயமில்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எல்லார் முன்னிலையிலும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17-ஆம் தேதி காலமானார். தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னால் அதையே சொன்னது. எங்கள் ஊரில் யாரும் கேட்கத் தயாராக இல்லை. என்னிடம் 10-ஆம் வகுப்பு படித்துத் தேறியவர்கள், பிதாகரஸ் தேற்றத்தை எனக்கே ஒப்பித்தவர்கள், “ஊசி போட்டார், செத்துட்டார், வேற என்ன டீச்சர் நிரூபணம் வேணும்?” என்று கேட்டார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது, ஊசி போடாதவர்களிலும் தினமும் எத்தனை பேருக்கு மாரடைப்பு வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் தெருவில் நின்று விளக்கினேன். வகுப்பில் நடத்தியிருக்க வேண்டிய பாடம் அது. அதற்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் இல்லை. ஊசி போடாமலே இருந்துவிட்ட வீடுகளில் அடுத்த மாதம் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

தேசிய அளவில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2022-இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி தேசியப் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி. 11-ஆம் வகுப்புக் கணிதத்திலிருந்து கணிதத் தர்க்கம், கணிதத் தொகுத்தறிதல் (எல்லா எண்களுக்கும் ஒரு கூற்று பொருந்தும் என்று படிப்படியாக நிரூபிக்கும் முறை) ஆகிய இரண்டு பாடங்களையும் முழுதாக எடுத்துவிட்டது. 10-ஆம் வகுப்பு அறிவியலில் மரபும் பரிணாமமும் என்றிருந்த பாடம் பரிணாமத்தை இழந்தது. அதை எதிர்த்து 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். தர்க்கப் பாடம் போனதற்கு அந்த அளவு சத்தம் எழவில்லை, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினின் 2024 பாடத்திட்டத்திலிருந்தும் அது சத்தமில்லாமல் போய்விட்டது. “பரிணாமம் வெறும் தியரிதானே” என்று சொல்கிறவர்களுக்கு எதிராக நாம் பேசுகிறோம். நல்லது. ஆனால் கோட்பாடு என்பது விதிக்கு ஒரு படி கீழே, இன்னும் நிரூபிக்கப்படாதது என்று நம் வினாத்தாளே சொல்லிக் கொடுத்தால், அந்தப் பேச்சுக்கு நாமே அல்லவா சான்றிதழ் தருகிறோம்?

2018-க்குப் பிறகு வந்த நம் மாநிலப் பாடநூல்களில் பாராட்ட வேண்டியவை உண்டு. 11-ஆம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் இடம்பெற்றது. 12-ஆம் வகுப்பில் தனிநிலைக் கணிதத்துக்குள் கூற்று, மெய்மை அட்டவணை (கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் கட்டம்), மறுதலை எல்லாம் முறையாக வந்தன. ஆனால் அது 12-ஆம் வகுப்பின் கடைசிப் பாடம், அதுவும் கணிதப் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டும். அங்கேயும் மெய்மை அட்டவணை என்றால் டி, எஃப் என்று கட்டம் நிரப்பி எளிதில் மதிப்பெண் வாங்கும் கேள்வி என்றாகிவிட்டது. 10-ஆம் வகுப்போடு நிற்கிறவர்கள், வணிகவியலுக்கும் தொழிற்கல்விக்கும் போகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

நான் கேட்பவை இவை.

அந்த 9-ஆம் வகுப்பு விடைக்குறிப்பைத் திருத்தி, ‘தவறு’ என்று எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள். திருத்தத்தை எழுத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள், காரணத்தோடு. தலைமையாசிரியர் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லி முடித்துவிட வேண்டாம்.

மெல்லக் கற்போர் கையேட்டிலிருந்து மறுதலை பற்றிய அந்தக் குறிப்பை எடுங்கள். மூன்று நிரூபணம் அதிகம் என்றால் ஒன்றை வையுங்கள். அந்த ஒன்றை, ஒவ்வொரு வரியும் ஏன் வருகிறது என்ற பேச்சோடு வையுங்கள்.

தேற்றக் கேள்விக்கு மதிப்பெண் பிரிக்கும்போது காரணங்களுக்கென்று தனியே மதிப்பெண் ஒதுக்குங்கள். நிரூபிக்க வேண்டியதையே காரணமாகக் காட்டினால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை என்று விடைக்குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். முக்கோணத்தின் பெயரை மாற்றிக் கேளுங்கள், முதல் வருடம் தேர்ச்சி விகிதம் கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை. அதற்கு எங்களைக் கேள்வி கேட்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களின் பயம் அதில்தான் இருக்கிறது.

8-ஆம் வகுப்பிலோ 9-ஆம் வகுப்பிலோ கணிதம், அறிவியல் இரண்டு புத்தகங்களிலும் முதல் பாடமாகச் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். வரையறை, அடிக்கோள் (நிரூபிக்காமல் ஒப்புக்கொள்ளும் அடிப்படைக் கூற்று), ஊகம், தேற்றம், நிரூபணம், மறுதலை, எதிர் உதாரணம் ஒரு பக்கம். கவனிப்பு, கருதுகோள், சோதனை, விதி, கோட்பாடு மறுபக்கம். இரண்டு குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள். நெப்டியூனும் வல்கனும் சேர்ந்தே வரட்டும்.

ஒவ்வொரு பொதுத் தேர்விலும் மனப்பாடத்தால் எழுத முடியாத கேள்வி ஒன்றாவது இருக்கட்டும்: இந்த நிரூபணத்தில் எந்த வரி தவறு, இந்தக் கூற்றின் மறுதலை உண்மையா, இதைப் பொய்யாக்க ஓர் உதாரணம் கொடு. அதற்கு முன்னால், எங்களுக்கு நடக்கும் பணியிடைப் பயிற்சிகளில் ஒரு நாளை முழுதாக இதற்குக் கொடுங்கள். எங்களில் பலர் இதைப் படிக்காமலேயே பட்டம் வாங்கி வந்தவர்கள், அது அவர்கள் குற்றமல்ல.

அடுத்த பாடநூல் திருத்தத்துக்கான கூட்டங்கள் தொடங்கும் முன் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். கூப்பிட்டால் அந்த வட்டத்துப் பாட வேளையை உங்கள் குழுவுக்கு முன்னால் நடத்திக் காட்ட வருகிறேன். என் மாணவர்கள் சிலரையும் அழைத்து வர அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி